நோயும் முகமும்

காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் காண்பதே என் அன்றாட வேலை. 1882 ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் ராபர்ட் காக். அதே நோயை வேறொரு கண்ணால் கண்ட மனிதர் ஒருவரைப் பற்றி நண்பர்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க்.

முங்க் 1863 இல் பிறந்தார். தந்தையார் இராணுவ மருத்துவர். மருத்துவர் வீடாயினும் நோய் வாயிலில் நிற்கவில்லை. முங்குக்கு ஐந்து வயதானபோது தாயார் காசநோயால் மறைந்தார். 1877 இல் தமக்கை சோஃபியும் அதே நோய்க்கு இரையானாள். அவளுக்கு வயது பதினைந்து. 1879 இல் பொறியியல் கற்கச் சேர்ந்த முங்க், மறு ஆண்டே அதை விட்டு ஓவியத்தை மேற்கொண்டார்.

தமக்கையின் நினைவில் அவர் தீட்டியதே 'நோயுற்ற சிறுமி'. தலையணையில் சாய்ந்திருக்கிறாள் செம்பட்டைக் கூந்தல் சிறுமி. அருகே ஒரு பெண் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை. கைகள் சேருமிடமோ வெறும் வண்ணக் கலங்கல். தீட்டியதைச் சுரண்டி, மீண்டும் மீண்டும் தீட்டினார். உடலின் அளவு பிழைபடலாம், துயரம் பிழைபடலாகாது என்பதே அவர் கொண்ட நெறி. 1886 இல் காட்சிக்கு வைத்தபோது, முடிவுறாத படம் என்று பலர் எள்ளினர். அவரோ சோரவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை மேலும் ஐந்து முறை தீட்டினார். பின்னர் ஜெர்மனியில் எழுந்த உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியர்கள் அவரை முன்னோடியாகக் கொண்டனர்.

1937 இல் நாஜி அரசு, இழிந்த கலை என்று பழித்து, அவருடைய 82 படைப்புகளை ஜெர்மானியக் காட்சியகங்களிலிருந்து அகற்றியது. 1944 ஜனவரியில் எண்பதாம் வயதில் முங்க் காலமானார். தம்மிடமிருந்த ஓவியங்களையெல்லாம் ஆஸ்லோ நகருக்கே எழுதி வைத்திருந்தார். சோஃபி அமர்ந்த நாற்காலியையும் அவர் இறுதிவரை பாதுகாத்து வந்தார்.

நான் பிறக்குமுன் என் அத்தை ஒருவரும் இந்நோயால் இறந்தார். எங்கள் வீட்டுப் பெட்டியில் அவருடைய மார்பு எக்ஸ்-ரே படம் ஒன்று இருக்கிறது. அதில் நோய் எங்கே உள்ளது என்று என்னால் சுட்டிக்காட்ட முடியும். அத்தை எப்படிச் சிரிப்பார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அதை நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் கேட்க வேண்டும்.