ஒரு உண்ணி, மூணு மேய்ச்சல் நிலம்... கொசுவுக்கு முன்பே குட்டை உடைத்த தியோபால்ட் ஸ்மித்!

மாட்டு உண்ணியைப் பார்த்திருக்கீங்களா? ரத்தம் குடிச்சு குடிச்சு, ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய் மாட்டோட காதுலயும் மடியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். கிராமத்துல வளர்ந்தவங்க அதைப் பிடுங்கிப் போட்டிருப்பீங்க. அந்த உண்ணி, மாட்டைக் கொல்ற ஒரு கிருமியைச் சுமந்துகிட்டுத் திரியுதுன்னு நிரூபிச்சவர்தான் தியோபால்ட் ஸ்மித்.

1859-ல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆர்கன் வாசித்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். 1883-ல் டாக்டர் பட்டம் வாங்கினாலும், நோயாளிகளைப் பார்க்க மனம் போகவில்லை. அடுத்த வருஷமே வாஷிங்டனில், அரசு வேளாண் துறையின் கால்நடை நோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வீட்டில் பேசிய ஜெர்மன் மொழி இங்கே கைகொடுத்தது. ராபர்ட் கோக் எழுதிய கட்டுரைகளை நேரடியாகப் படித்து, கிருமியியலைக் கிட்டத்தட்ட தானாகவே கத்துக்கிட்டார்.

அப்போது அமெரிக்க விவசாயிகளைப் பாடாய்ப்படுத்தியது `டெக்சாஸ் காய்ச்சல்'. தெற்கிலிருந்து ஓட்டி வரப்படும் மாடுகள் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், அவை நடந்துபோன புல்வெளியில் மேயும் வடக்கத்தி மாடுகளுக்கு ஒரு மாசம் கழிச்சு காய்ச்சல் வரும். மூத்திரம் ரத்தச் சிவப்பாகப் போகும், கொத்துக்கொத்தாகச் சாகும். மிசௌரி பக்கம் விவசாயிகள் துப்பாக்கியோடு நின்னு டெக்சாஸ் மந்தைகளை மறிச்ச சம்பவங்கள்கூட உண்டு. சாணியில் விஷம், எச்சிலில் விஷம்னு படிச்சவங்க ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. மாட்டுக்காரங்க மட்டும் உண்ணியைக் கைகாட்டினாங்க. நிபுணர்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஸ்மித் சிரிக்கலை. அவரைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

1889 கோடை. வட கரோலினாவிலிருந்து உண்ணியோடு 7 மாடுகள் வந்து இறங்கின. நண்பரும் கால்நடை மருத்துவருமான கில்போர்னோடு சேர்ந்து ஸ்மித் வேலையை ஆரம்பித்தார். ஒரு நிலத்தில் உண்ணி உள்ள தெற்கத்தி மாடுகளோடு வடக்கத்தி மாடுகளைச் சேர்த்து விட்டார்கள். இன்னொரு நிலத்தில் விட்ட தெற்கத்தி மாடுகளுக்கு மட்டும் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கி எடுத்தார்கள். சுட்டெரிக்கிற வெயிலில், திமிறும் மாட்டைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. அதுவும் ஒரு நாளோடு முடியாது. கண்ணுக்குத் தப்பிய குட்டி உண்ணிகள் வளர வளர, திரும்பத் திரும்பப் பிடுங்கணும். மூன்றாவது நிலத்தில் தெற்கத்தி மாடே கிடையாது, புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள்.

உண்ணி இருந்த இடத்தில் மட்டும்தான் காய்ச்சல் வந்தது. பிடுங்கி எடுத்த நிலத்தில் மாடுகள் நிம்மதியாக மேய்ந்தன.

காய்ச்சல் கண்ட மாடுகளின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுவுக்குள்ளேயே பேரிக்காய் வடிவத்தில் ஜோடி ஜோடியாக ஒட்டுண்ணிகள் தெரிந்தன. அணுக்களை அவை உடைத்துத் தள்ளுவதால்தான் மூத்திரம் சிவக்கிறது.

சரி, ஏன் ஒரு மாசம் தாமதம்? ரத்தம் குடித்த தாய் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டை பொரிய சில வாரங்கள். அந்தக் குஞ்சுகள் புல்லில் ஏறிக் காத்திருந்து அடுத்த மாட்டைப் பிடிக்கும். ஸ்மித் இதையும் சோதித்தார். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் பொரிந்த, எந்த மாட்டையும் அதுவரை கடிக்காத குஞ்சு உண்ணிகளை, தொழுவத்தில் தனியாகக் கட்டியிருந்த ஒரு கிடேரி மேல் விட்டார். கிடேரிக்குக் காய்ச்சல் வந்தது! அதாவது, தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்குப் போகுது.

1893-ல் ஸ்மித், கில்போர்ன் பெயர்களில் அறிக்கை வெளியானது. ஒரு கணுக்காலி உயிரினம் ஒட்டுண்ணி நோயைப் பரப்பும்னு சோதனை மூலமா சந்தேகமில்லாமல் காட்டின முன்னோடி வேலை அது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான். ராஸுக்கு நோபல் கிடைச்சது. ஸ்மித்துக்குக் கடைசிவரை கிடைக்கலை.

பெயர் விஷயத்திலும் அவருக்கு ராசி இல்லை. பன்றிகளில் அவர் ஆராய்ந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு, மேலதிகாரி டேனியல் சால்மனின் பெயரில் `சால்மொனெல்லா' என்று பெயர் வந்தது. மாட்டு ஒட்டுண்ணிக்கு அவர் வைத்த பெயர், ஏற்கெனவே ஒரு கடல் உயிரினத்துக்கு இருந்ததால் செல்லாமல் போனது. ருமேனியாவில் 1888-லேயே இதே வகைக் கிருமியைப் பார்த்திருந்த விக்டர் பாபெஷ் பெயரில் அது `பபேசியா' ஆனது. ஆனால், ஒண்ணு சொல்லணும். உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைத் துருவி ஆராய்ந்த சக ஊழியர் கூப்பர் கர்ட்டிஸின் பெயரும் அந்த 1893 அறிக்கையின் முகப்பில் இல்லை. பேர் விடுபடுற வலி ஸ்மித்துக்குத் தெரியாததா என்ன?

இன்னொரு குறையும் இருந்தது. உண்ணியை நசுக்கித் தேடிப் பார்த்தும், குடித்த ரத்தக் குழம்புக்கு நடுவே கிருமியை அவரால் தெளிவாகக் காட்ட முடியவில்லை. உண்ணியின் குடலுக்குள் அது மாறும் வடிவங்களை 1906-ல் விவரித்தவர், அதே ராபர்ட் கோக். இன்றைக்கு அந்தத் தேடல் எளிது. உண்ணியின் காலை நுனியில் வெட்டினால் ஒரு சொட்டுத் திரவம் கசியும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால் கதாயுதம் மாதிரி கிருமிகள் தெரியும். கண்ணுக்குத் தப்பினாலும், கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன பி.சி.ஆர் பிடித்துக் கொடுத்துவிடும். நம்ம ஊர் கலப்பின மாடுகளையும் தாக்குகிற கிருமிதான் இது.

ஸ்மித் அதன்பின் ஹார்வர்டுக்குப் போனார். மாட்டுக் காசநோய்க் கிருமி வேறு, மனிதக் காசநோய்க் கிருமி வேறு என்று பிரித்துக் காட்டினார். 1934 டிசம்பரில் காலமானார். அவர் வேலையை அடிப்படையாக வைத்து 1906-ல் தொடங்கிய உண்ணி ஒழிப்பு, 1943-ல்தான் முடிந்தது. மெக்சிகோ எல்லையோர டெக்சாஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இன்னமும் அரசு ஊழியர்கள் குதிரையில் ரோந்து போகிறார்கள். வழிதவறி வரும் மாட்டைப் பிடித்து, உண்ணி தட்டுப்படுதான்னு கையாலயே தடவிப் பார்க்கிறார்கள்.