கெல்லி துரையும் முடியாத மாளிகையும்

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது கெல்லி மாளிகை. பள்ளிச் சுற்றுலா போய்ப் பேய்க் கதை கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கியவரின் வாழ்க்கையில் நம்மவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். அல்மா பேக்கர் என்பவரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, பேராக்கில் காடழித்துச் சாலை போடும் வேலைகளில் பணம் சேர்த்தார். கிந்தா மாவட்டத்தில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். பிறந்த ஊர் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார்.

1903-இல் ஆக்னஸை மணந்தார். மறு ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். மகனுக்காக நெடுநாள் காத்திருந்தார். 1915-இல் அந்தோணி பிறந்தான். அதே ஆண்டில், இருந்த பங்களாவை ஒட்டிப் பெரிய மாளிகை கட்டத் தொடங்கினார். இந்தியக் கட்டடக் கலையில் அவருக்கு ஈடுபாடு அதிகம். மதராஸிலிருந்து சுமார் 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். செங்கல்லும் சலவைக்கல்லும் அங்கிருந்தே கப்பலேறி வந்தன என்பார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரை மறுக்கவில்லை, மாளிகைக்கு அருகிலேயே கோயில் எழுந்தது. நன்றிக்கடனாக, கோயிலின் மேல் தெய்வச் சிலைகளோடு வெள்ளைக்கார உடையில் அவருக்கும் ஓர் உருவம் வைத்தார்கள்.

1926-இல் ஐரோப்பா சென்ற கெல்லி, லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வயது 56. மாளிகைக்கு மின்தூக்கி வாங்கப் போன பயணம் அது என்று சொல்வதுண்டு. கட்டட வேலை அதோடு நின்றது. ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் நிறுவனத்துக்கு விற்றார்.

பல காலம் காடு மூடிக் கிடந்த மாளிகை, இன்று பாதுகாக்கப்பட்டுச் சுற்றுலாத் தலமாக இருக்கிறது. பூச்சு காணாத செங்கல் சுவர்களில் அன்றைய கைவேலை அப்படியே தெரிகிறது. மாளிகைக்குத் துரையின் பெயர் நிலைத்துவிட்டது. கட்டிய கைகளுக்கும் காய்ச்சலில் போன உயிர்களுக்கும் அந்த மாரியம்மன் கோயிலே அடையாளம். பிள்ளைகளை மாளிகைக்கு அழைத்துச் செல்வோர், திரும்பும் வழியில் கோயிலையும் காட்டி இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.