வீட்டுக்குள் ஒரு வேதியியல் மேதை

தம்பி, தங்கைகளே! வீட்டிலேயே வேதியியல் கற்க முடியுமா? பிரபுல்ல சந்திர ராயின் கதையைக் கேளுங்கள்.

இவர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் உள்ள ராருளி கிராமத்தில் பிறந்தார். கல்கத்தாவில் படித்தபோது கடுமையான சீதபேதி வந்ததால், 1874இல் பள்ளியை விட்டு நின்றார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளிக்கூடம்!

கல்லூரியில் பார்த்த வேதியியல் சோதனைகளைத் தாமே செய்துபார்க்க ஆசைப்பட்டார். நண்பர் தங்கியிருந்த அறையில் சிறிய சோதனைக்கூடம் உருவானது. ஒருநாள், மெல்லிய தகரத்தில் செய்த கருவிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து பயங்கரமாக வெடித்தன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

1887இல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி ஆசிரியரானார். தாம் குடியிருந்த வீட்டிலேயே அவர் தொடங்கிய மருந்துத் தயாரிப்பு, 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1944இல் மறைந்தார்.

வீட்டில் விளையாடிக்கொண்டே வேதியியல் படிக்கும் குழந்தைகளே, விளையாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எரிவதும் வெடிப்பதும் வேண்டவே வேண்டாம். விளையாடி முடித்ததும் ‘ஏன்?’ என்ற கேள்வி மனதில் எழ வேண்டும். அதுவே நல்ல விளையாட்டு.

தனிமங்களின் பெயர்களைச் சில அட்டைகளிலும் குறியீடுகளை வேறு அட்டைகளிலும் எழுதி, ஜோடி சேர்த்து விளையாடுங்கள். நைனார்பாளையமானாலும் சென்னையானாலும் சமையலறையில் மஞ்சள்தூள் இருக்குமே! மஞ்சள் கரைத்த நீரில் சோப்பு நீரை ஊற்றினால் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சோப்பு நீர் காரம், எலுமிச்சை அமிலம். அம்மா, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றே செய்து பாருங்கள்!