ஆடாத வீரருக்கு அழியாத மரியாதை
45-ம் எண் சட்டையின் கதை

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் கால்பந்து அணிக்கு பிரவுன்ஸ் என்று பெயர். அந்த அணியில் 45-ம் எண் சட்டையை யாரும் போட்டுக்கொள்வதில்லை. அது ஒரு வீரருக்கு உரிய எண். அவருக்குப் பிறகு அந்த எண் வேறு யாருக்கும் கிடையாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

பெரிய வீரர்களுக்கு இப்படி மரியாதை செய்வது அங்கே வழக்கம்தான். ஆனால் இதில் ஓர் அதிசயம் உண்டு. 45-ம் எண்ணுக்கு உரிய அந்த வீரர், அந்த அணிக்காக ஒரு பந்தயத்தில் கூட ஆடியதில்லை!

ஆடாத வீரருக்கு ஏன் இந்த மரியாதை?

அவர் பெயர் எர்னி டேவிஸ். 23 வயதிலேயே மறைந்து போனவர். அவருடைய கதை இது.

தாத்தா வளர்த்த பிள்ளை

பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ சேலம் என்ற ஊரில், 1939-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி எர்னி பிறந்தான். கறுப்பினக் குடும்பம். தந்தையின் முகத்தை அறியாமலே அவன் வளர்ந்தான். தாயாரோ மிகவும் இளம் வயது. ஆகவே, யூனியன்டவுன் என்ற ஊரில் இருந்த தாத்தாவும் பாட்டியும் குழந்தையைத் தங்களிடம் அழைத்துக் கொண்டார்கள்.

தாத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. உழைத்தால்தான் சோறு. அந்த வீட்டில் பணம் இல்லை. ஆனால் ஒழுங்கு இருந்தது, அன்பு இருந்தது. சிறுவன் எர்னிக்குப் பேசும்போது வாய் திக்கும். அதனால் அதிகம் பேசமாட்டான். பந்தைக் கண்டால் மட்டும் அவன் கால்களுக்குத் தயக்கமே கிடையாது.

12-வது வயதில் அவன் தாயாரிடம் போய்ச் சேர்ந்தான். தாயார் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் குடியிருந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் எர்னி எல்லா ஆட்டங்களிலும் முதல்வனாக விளங்கினான். அவன் ஆடிய கூடைப்பந்து அணி, தொடர்ந்து 52 பந்தயங்களில் வெற்றி பெற்றது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

கையில் எடுத்து ஓடும் பந்து

நாம் ஆடும் கால்பந்து வேறு. அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து வேறு. அவர்களுடைய பந்து உருண்டையாக இராது. உரிக்காத தேங்காய் போல நீண்டு, இரு முனையும் கூராக இருக்கும். அதைக் காலால் உதைப்பதை விடக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போய்விட்டால் 6 புள்ளிகள்.

எதிரிகள் சும்மா விடுவார்களா? பாய்ந்து பிடிப்பார்கள். இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளுவார்கள். இவர்களுக்கு நடுவே வளைந்து, நெளிந்து, முட்டி மோதிப் பந்துடன் ஓடுவதற்கென்றே தனி ஆட்டக்காரர் உண்டு. எர்னி அத்தகைய ஓட்டக்காரர்.

அவரைத் தங்கள் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப் பலர் போட்டியிட்டார்கள். எர்னி தேர்ந்தெடுத்தது சிரக்கியூஸ் சர்வகலாசாலையை. ஜிம் பிரவுன் என்ற மாபெரும் கறுப்பின வீரர் படித்த இடம் அது. அங்கே சேரும்படி ஜிம் பிரவுனே எர்னியிடம் எடுத்துச் சொன்னார். ஜிம் பிரவுன் அணிந்திருந்த 44-ம் எண் சட்டை எர்னிக்குக் கிடைத்தது.

பரிசு உண்டு, பந்தி இல்லை

1959-ம் ஆண்டில் சிரக்கியூஸ் அணி ஒரு பந்தயத்தில் கூடத் தோற்கவில்லை. 1960-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பெரிய பந்தயம். எதிர்த்து ஆடியது டெக்சாஸ் சர்வகலாசாலை அணி.

எர்னிக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. ஆட முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, தொலைவிலிருந்து எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். அந்த ஒரே ஆட்டத்தில் பந்து கடந்த தூரம் 87 கெஜம்! பிறகு இன்னொரு முறையும் எல்லையைத் தாண்டினார். சிரக்கியூஸ் 23-க்கு 14 என்று வென்றது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி அணி என்ற பட்டமும் பெற்றது. பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் எர்னிதான்.

அன்று இரவு விருந்து. அங்கேதான் பரிசு வழங்குவார்கள். எர்னிக்கும் அணியிலிருந்த மற்ற கறுப்பின ஆட்டக்காரர்களுக்கும் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. பரிசை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கியதும் வெளியேறிவிட வேண்டும், வெள்ளையரோடு இருந்து கொண்டாடக் கூடாது!

வெற்றி தேடித் தந்தவருக்கு அந்த வெற்றி விருந்தில் இடம் இல்லை. அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறவெறி அவ்வளவு கொடியதாக இருந்தது. எர்னி கைகலப்பில் இறங்கவில்லை. மறு ஆண்டும் ஓடினார். அதற்கு மறு ஆண்டும் ஓடினார்.

முதல் கறுப்பின வீரர்

மூன்று ஆண்டுகளில் அவர் பந்துடன் ஓடிக் கடந்த தூரம் 2,386 கெஜம். ஜிம் பிரவுன் அங்கே நாட்டியிருந்த சாதனையையும் அது மிஞ்சிவிட்டது.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்த ஒருவருக்கு ஆண்டுதோறும் ஹைஸ்மன் பரிசு என்ற வெண்கலச் சிலையைக் கொடுப்பார்கள். 1935-ம் ஆண்டிலிருந்து கொடுத்து வருகிறார்கள். 26 ஆண்டுகள் வரை அந்தப் பரிசு ஒரு கறுப்பினத்தவருக்கும் கிடைத்ததில்லை. 1961-ம் ஆண்டில் அது எர்னி டேவிசுக்குக் கிடைத்தது. அப்போது நியூயார்க் வந்திருந்த ஜனாதிபதி கென்னடி, அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். சுரங்கத் தொழிலாளியின் பேரன் நாட்டின் ஜனாதிபதியுடன் கைகுலுக்கிய நாள் அது!

அடுத்தது, பணத்துக்கு ஆடும் தொழில்முறை அணி. வாஷிங்டன் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த அணியில் அதுவரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கூடக் கிடையாது. பெரிய அணிகளில் கடைசி வரை கதவை மூடி வைத்திருந்தது அதுதான். பிறகு அது எர்னியை கிளீவ்லாந்து அணிக்கு விட்டுக்கொடுத்து, பாபி மிட்செல் என்ற கறுப்பின வீரரைப் பெற்றுக்கொண்டது. இப்படி, எர்னியின் பெயரால் மூடிய கதவு ஒன்று திறந்தது. கிளீவ்லாந்தில் எர்னிக்குக் கிடைத்த எண்தான் 45.

அங்கே ஜிம் பிரவுன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். இரு சிங்கங்களும் ஒரே அணியில் ஓடப் போவதைக் காண நாடே காத்திருந்தது.

இடி விழுந்தது

1962-ம் ஆண்டு கோடை காலம். சிறந்த கல்லூரி வீரர்களைத் திரட்டி நடத்தும் ஒரு பந்தயத்துக்காக, சிக்காகோ நகருக்கு அருகே எர்னி பயிற்சி எடுத்தார். உடம்பில் சோர்வு. கழுத்தில் வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள்.

ரத்தப் புற்றுநோய்!

இன்று அந்த நோய்க்குப் பல சிகிச்சைகள் உண்டு. 1962-ம் ஆண்டில் அதற்கு மருந்து மிகக் குறைவு. முதலில் அவரிடம் முழு உண்மையையும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்கள். 22 வயது இளைஞர் அதைக் கேட்டுக்கொண்டார்.

மருந்தினால் நோய் சிறிது காலம் அடங்கியது. எர்னி பயிற்சி செய்தார். ஒரு பந்தயத்திலாவது ஆடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அணியின் பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. கிளீவ்லாந்து மைதானத்தில் ஓர் இரவு, விளக்குகளின் ஒளியில் அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அதோடு சரி.

1963-ம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் எர்னி தம் கதையை எழுதினார். அதில் அவர் யாரையும் நோகவில்லை. தம்மைத் துர்பாக்கியசாலி என்று தாம் நினைக்கவில்லை என்றே எழுதினார். தமக்குக் கிடைத்த நல்லவற்றையே எண்ணிப் பார்த்தார்.

அதே ஆண்டு மே மாதம் 18-ந் தேதி, கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. எல்மைராவில் அவர் உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

தொடர்ந்த ஓட்டம்

சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் எர்னி ஒரு நல்ல காரியம் செய்தார். பிளாய்ட் லிட்டில் என்ற கறுப்பின மாணவரைச் சந்தித்து, சிரக்கியூசில் சேரும்படி சொன்னார். எர்னியின் மரணச் செய்தி வந்ததும், லிட்டில் அங்கேயே சேர்ந்தார். அதே 44-ம் எண்ணை அணிந்து புகழ் பெற்றார். ஜிம் பிரவுன் எர்னிக்குக் காட்டிய வழியை, எர்னி இன்னொருவருக்குக் காட்டிவிட்டுப் போனார்.

2005-ம் ஆண்டில் சிரக்கியூஸ் சர்வகலாசாலை 44-ம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. 2008-ம் ஆண்டில் எர்னியின் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. எல்மைராவில் ஒரு பள்ளிக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விருந்திலிருந்து வெளியேறச் சொன்னவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. வெளியேறச் சொல்லப்பட்டவரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் படிக்கிறார்கள்.

ஆடாத வீரருக்கு ஏன் மரியாதை என்று கேட்டோம் அல்லவா? மைதானத்தில் ஓடிய ஓட்டத்துக்கு மட்டும் அல்ல அந்த மரியாதை. அவமானம் வந்தபோதும், மரணம் வந்தபோதும் கசந்து போகாத மனத்துக்காகவே கிளீவ்லாந்து அணி 45-ம் எண்ணை அவருக்கே விட்டு வைத்திருக்கிறது.