சட்டம் கண்ட சான்றோர் சோலன்

கிரேக்க நாடு கடலால் சூழப்பெற்றது. மலைகளால் பல கூறாகப் பிரிவுற்றது. பண்டை நாளில் ஆண்டு ஒரு குடைக்கீழ் அமைந்த பேரரசு இருந்ததில்லை. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சூழ்ந்த சிற்றூர்களுடன் கூடித் தனி நாடாகவே விளங்கிற்று. அத்தகைய நகர நாடுகளுள் ஏதென்ஸ் தலைசிறந்தது. குடிமக்கள் தாமே கூடித் தம்மை ஆளும் மக்களாட்சி முறை அந்நகரில் வேரூன்றித் தழைத்தது. அம்முறைக்கு வித்திட்ட பெருமகனார் சோலன் என்பவர். கிரேக்கர் தம் நாட்டு அறிஞருள் எழுவரைத் தெரிந்தெடுத்து ஏழு ஞானியர் எனப் போற்றினர். சோலன் அவ்வெழுவருள் ஒருவர்.

சோலன் கி. மு. 630-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். அவர் குடி பழைய அரசர் மரபில் வந்தது என்பர். குடிப்பெருமை மிகுந்திருந்ததேயன்றிச் செல்வம் மிகுந்திருக்கவில்லை. தந்தையார் பிறர்க்கு வழங்கி வழங்கியே தம் பொருளைக் குறைத்துக்கொண்டவர். ஆதலின், சோலன் இளமையிலேயே வணிகத்தை மேற்கொண்டு கடல் கடந்து சென்றார். பொருளோடு அறிவையும் ஈட்டினார். இயல்பாகவே கவிபாடும் ஆற்றல் பெற்றிருந்த அவர், அறத்தையும் அரசியலையும் தம் பாடல்களால் மக்கட்கு எடுத்துரைத்தார்.

அவர்தம் துணிவை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏதென்ஸுக்கு எதிரே சலாமிஸ் என்னும் தீவு உள்ளது. அதன்பொருட்டு ஏதென்ஸ் மக்கள் அண்டை நாடாகிய மெகாராவுடன் நெடுநாள் பொருது சலித்தனர். அத்தீவைப் பற்றி இனி எவரேனும் பேசினால் கொலைத் தண்டனை எனச் சட்டமும் செய்தனர். சோலன் பித்துற்றவர்போல் நடித்து, ஒரு நாள் சந்தை வெளிக்கு ஓடிவந்து, தாம் சலாமிஸைக் குறித்து இயற்றிய பாடலை உரத்த குரலில் பாடினார் என்று வரலாறு கூறும். அப்பாடல் கேட்டோர் உள்ளங் கொதித்தனர், சட்டம் நீக்கப்பட்டது, பின்னர்த் தீவும் ஏதென்ஸின் வசமாயிற்று.

பகைவரை வென்ற ஏதென்ஸ் தன்னுள் எழுந்த பகையை வெல்ல வகையறியாது தவித்தது. நல்ல நிலங்களெல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்தன. உழவர் பலர் தம் விளைவில் ஒரு பங்கைச் செல்வர்க்கு அளந்து வாழ்ந்தனர். அவர்கட்கு ஆறிலொரு கூற்றினர் என்று பெயர். கடன் கொள்வோர் தம் உடலையே ஈடாக வைத்தல் அந்நாள் வழக்கம். கடனை அடைக்க இயலாதவர் அடிமையாயினர். சிலர் வெளிநாட்டிற்கும் விற்கப்பட்டனர். கி. மு. 621-ஆம் ஆண்டில் டிராக்கோ என்பவர் வகுத்த சட்டங்கள் சிறு களவிற்கும் உயிரைக் கொள்ளும் கொடுமையுடையன. வறியோர் குமுறினர், செல்வர் அஞ்சினர். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது.

இந்நிலையில் இரு திறத்தாரும் நம்பத்தக்கவர் யாவர் என ஆராய்ந்தபொழுது சோலனே யாவர் கண்ணுக்கும் தோன்றினார். அவர் வறியோரைச் சுரண்டியவர் அல்லர். செல்வர்பால் பகைமை கொண்டவரும் அல்லர். கி. மு. 594-ஆம் ஆண்டில் அவரை ஆட்சித் தலைவராக்கிச் சட்டங்களைத் திருத்தும் முழு உரிமையையும் அளித்தனர். அவ்வுரிமையைக் கைவிடாது வாழ்நாள் முழுதும் தனியாட்சி செலுத்துமாறு நண்பர் பலர் தூண்டினர். சோலன் இணங்கவில்லை. ஒருவன் விருப்பமே ஆணையாகும் நாட்டில் நீதி நிலைபெறாது என்பது அவர் துணிபு.

அவர் முதலிற் செய்தது கடன் நீக்கம். உடலை ஈடாகக் கொண்ட கடன்களைத் தள்ளுபடி செய்தார். இனி எவரும் ஒருவர் உடலை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தல் ஆகாது என விலக்கினார். வயல்களில் நடப்பட்டிருந்த ஈட்டுக் கற்கள் பிடுங்கி எறியப்பட்டன. அயல்நாட்டில் அடிமைகளாய் உழன்று தாய்மொழியையும் மறந்துபோனவர் மீட்டுக் கொணரப்பட்டனர். மக்கள் இச்சீர்திருத்தத்தைச் சுமை உதறல் என்று பெயரிட்டு மகிழ்ந்தனர்.

இதனிடையே அவர்க்கு ஒரு பழியும் நேர்ந்தது. கடன் நீக்கம் வரப்போவதை முன்னரே அறிந்த நண்பர் சிலர், பெருந்தொகையைக் கடனாக வாங்கி நிலங்களை விலைக்குக் கொண்டனர். அவ்வஞ்சனையில் சோலனுக்கும் பங்குண்டு எனச் சிலர் தூற்றினர். ஆயின், தமக்கு வரவேண்டிய கடனை முதன்முதலில் விட்டுக்கொடுத்தவர் சோலனே என்பது வெளிப்பட்டபொழுது அப்பழி நீங்கிற்று. சட்டம் செய்வோன் அச்சட்டத்திற்குத் தானே முதலில் உட்பட வேண்டும் என்பதை அவர் ஒழுகிக் காட்டினார்.

அடுத்து, குடிமக்களை நிலத்தின் விளைவுக்கேற்ப நான்கு வகுப்பினராகப் பகுத்தார். 500 அளவை விளைவு பெறுவோர் முதல் வகுப்பினர்; 300 அளவை பெறுவோர் இரண்டாம் வகுப்பினர்; 200 அளவை பெறுவோர் மூன்றாம் வகுப்பினர்; ஏனையோர் நான்காம் வகுப்பினர். உயர்குடிப் பிறப்பே பதவிக்குத் தகுதி என்னும் பழைய வழக்கு இதனால் தளர்ந்தது. நான்காம் வகுப்பினர்க்குப் பதவி இல்லையாயினும், மக்கள் பேரவையிலும் நீதிமன்றத்திலும் அமரும் உரிமை கிடைத்தது. பேரவைக்குத் துணையாக 400 பேர் கொண்ட குழு ஒன்றையும் அவர் அமைத்தார் என்பர்.

சோலன் செய்தவற்றுள் மக்கட்கு மிக்க நலம் பயந்தவை இவையென அறிஞர் அரிஸ்டாட்டில் மூன்றினைக் கூறுவர். உடலை ஈடாகக் கொள்ளும் கடனை விலக்கியது ஒன்று. தீங்குற்றவர்க்காக எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம் என்றது மற்றொன்று. அதிகாரிகளின் தீர்ப்பை எதிர்த்து மக்கள் மன்றத்தில் முறையிடலாம் என்றது மூன்றாவது. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் அந்நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. எகிப்து நாட்டில் பாப்பிரசு ஏடுகளில் கிடைத்து, 1891-ஆம் ஆண்டில் அச்சேறிற்று.

சோலனின் சட்டங்கள் எவரையும் முழுதும் மகிழ்விக்கவில்லை. கொடுத்த கடன் போயிற்றே எனச் செல்வர் வருந்தினர். நிலங்களையெல்லாம் சமமாகப் பங்கிட்டுத் தரவில்லையே என வறியோர் முணுமுணுத்தனர். சோலனோ துலாக்கோல்போல் நடுநின்றார். சட்டங்களை மரச் சட்டங்களில் பொறித்து யாவரும் காண வைத்தார். அவற்றைக் காப்பதாக மக்களிடம் சூளுரை பெற்றார். பத்தாண்டுகட்கு ஊரை விட்டே நீங்கினார். தாம் அருகிருந்தால் இதனை மாற்றுக, அதனைத் திருத்துக என ஓயாது வற்புறுத்துவர் என்பதை அவர் அறிவார். எகிப்து, சைப்ரஸ் முதலிய இடங்களைக் கண்டு அவர் காலம் போக்கினார்.

திரும்பி வந்தபொழுது நகரில் மீண்டும் கட்சிப் பூசல் மலிந்திருந்தது. சோலனின் உறவினராகிய பிசிஸ்டிராட்டஸ் என்பவர் தம் உடலில் தாமே காயம் செய்துகொண்டு, பகைவர் தாக்கினர் எனக் கூறி, மெய்காவலரை வேண்டினார். முதியவரான சோலன் பேரவையில் எழுந்து அச்சூழ்ச்சியை எடுத்துக் காட்டினார். கேட்பார் இல்லை. கி. மு. 561-ஆம் ஆண்டில் பிசிஸ்டிராட்டஸ் அக்காவலரைக் கொண்டே ஆட்சியைக் கைப்பற்றினார். சோலன் தம் படைக்கலங்களை வீட்டு வாயிலில் வைத்து, நாட்டிற்குத் தம்மால் இயன்றதைச் செய்து முடித்ததாகக் காட்டினார். சின்னாளில் அவர் உயிர் நீத்தார்.

அவர் நட்ட வித்து அழியவில்லை. கி. மு. 510-இல் தனியாட்சி ஒழிந்தது. கி. மு. 508-ஐ ஒட்டிக் கிளிஸ்தனிஸ் என்பார் குடிமக்களைப் பத்துப் பிரிவாக்கி, 500 பேர் கொண்ட குழுவை நிறுவினார். பின்னர்ப் பெரிக்ளிஸ் காலத்தில் நீதிமன்றத்தில் அமர்வோர்க்கு ஊதியம் வழங்கப்பட்டமையால், ஏழையும் தன் தொழிலை இழவாது பொதுப்பணி ஆற்ற முடிந்தது.

ஆயினும், ஏதென்ஸில் நிலவிய சமன்மை குறையுடையதே. பெண்டிர்க்கும், அடிமைகட்கும், அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறினார்க்கும் பேரவையில் இடமில்லை. தம் நாட்டு மக்களை அடிமைத்தளையினின்றும் விடுவித்த சோலன், பிற நாட்டார் அடிமைகளாயிருந்ததை மாற்றவில்லை. பின்வந்த அறிஞரும் இப்பொருள் பற்றிக் கருத்து வேறுபட்டனர். ஆளுதல் மரக்கலம் செலுத்துதல் போன்றதொரு கலை. அஃது அறிந்தார்க்கே உரியது என்பது பிளேட்டோவின் கொள்கை. பலர் கூடி ஆராயின் சிலரினும் நன்கு முடிவு காணவுங் கூடும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. பதினேழாம் நூற்றாண்டிற்குப் பின் தோன்றிய மேனாட்டு அறிஞர் பலர், மாந்தர் யாவரும் பிறப்பால் சமமான உரிமையுடையர் என்னும் கொள்கையை வளர்த்தனர். 1948-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமை அறிக்கை, தன் நாட்டு ஆட்சியிற் பங்கு கொள்ளும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என அறுதியிட்டது. கிரேக்க நாட்டுப் பெண்டிர் ஆடவரோடு ஒத்த வாக்குரிமையை 1952-ஆம் ஆண்டிலேயே எய்தினர். சோலன் தொடங்கிய பணி முற்றுப்பெற எத்துணைக் காலம் சென்றது என்பதை இதனால் அறியலாம்.

அதிகாரம் கைக்கு வந்தபின் அதனைத் துறத்தல் அரிது. தாம் செய்த சட்டத்திற்குத் தாமே அடங்கி நிற்றல் அதனினும் அரிது. இவ்விரண்டும் சோலனிடம் பொருந்தியிருந்தன. சட்டம் யாவர்க்கும் பொது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் நிலைத்தாலன்றி மக்களாட்சி நிலையாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.