காரெட் மார்கன்: தையற்கடையில் பிறந்த களிம்பு

சுருட்டை முடி உள்ளவர்கள் நேரான முடிக்கும், நேரான முடி உள்ளவர்கள் சுருட்டை முடிக்கும் ஏங்குவது உலக வழக்கம். ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு இது வெறும் அழகு பற்றிய ஏக்கமாக இருக்கவில்லை. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும், இறைவன் அவர்களுக்கு அளித்த சுருள்முடியை ஏளனம் செய்வோர் ஒழியவில்லை. நல்ல வேலை வேண்டும், நாலுபேர் மதிக்க வேண்டும் என்றால் முடி நேராக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஊன்றப்பட்டது. ஆகவே பெண்கள் இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சித் தலைவாரினார்கள். முடி கருகியது, சில சமயம் காதும் கழுத்தும் சுட்டன. இந்த நெருப்பு இல்லாமலேயே முடியை நேராக்க வழி கண்ட ஒருவரைப் பற்றித்தான் நாம் இங்கே காணப்போகிறோம்.

காரெட் மார்கன் 1877-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகள், இவர் ஏழாவது. தந்தை ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லாமல், நம் வயதில் இவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சின்சினாட்டி நகரில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த கூலியில் ஓர் ஆசிரியரை அமர்த்திப் பாடம் கற்றார் என்பதைப் படித்தபோது, கட்டணம் கட்டிப் பள்ளிக்கு அனுப்பும் நம் பெற்றோரை நினைத்துக்கொண்டோம்.

1895-ல் கிளீவ்லாந்து நகருக்கு வந்து தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். 1907-ல் சொந்தக் கடை வைத்தார். அடுத்த ஆண்டு மேரி என்னும் தையற்கலை தெரிந்த வெள்ளையினப் பெண்ணை மணந்தார். அந்நாளில் அதற்கே தனித் துணிச்சல் வேண்டும். இருவருமாகத் தையற்கடை நடத்தினார்கள்.

கம்பளித் துணியை வேகமாகத் தைக்கும்போது ஊசி உராய்ந்து சூடேறும், துணி கருகும். அதைத் தடுக்க ஊசிக்குப் பூச ஒரு திரவத்தைத் தயாரிக்க மார்கன் முயன்றுகொண்டிருந்தார். உணவு வேளை வந்தது. கையில் ஒட்டியிருந்ததை அருகில் கிடந்த, மட்டக்குதிரையின் உரோமத்தால் ஆன துணியில் துடைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், சுருண்டு கிடந்த உரோமம் நேராகப் படிந்திருந்தது! பக்கத்து வீட்டு நாய்மேல் பூசிப் பார்த்தார்; அதன் சுருள் உரோமமும் நேராகிவிட்டது. வீட்டுக்காரருக்குத் தம் நாயையே அடையாளம் தெரியவில்லை என்று சொல்வார்கள். பிறகுதான் தம் தலையில் சிறிது சிறிதாகப் பூசிக்கொண்டார். சூட்டைத் தடுக்கத் தேடிய மருந்து, சூடில்லாமல் முடியை நேராக்கும் களிம்பாகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று அறிவியல் கூறுவதையும் பார்ப்போம். முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைக் கந்தகப் பிணைப்புகளும், அவற்றைவிட வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளும் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே தளர்த்துகிறது. எனவே மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் முடி மறுபடி சுருண்டுகொள்ளும். ஈரமான முடியில் கடுஞ்சூடு பட்டாலோ, உள்ளே இருக்கும் நீர் கொதித்துக் குமிழியிட்டு முடி ஒடிந்துபோகும். இஸ்திரிப் பெட்டியைத் தலைக்குக் கொண்டுபோகும் தோழியர் இதைக் கவனிக்க! காரம் சேர்ந்த களிம்புகள் கந்தகப் பிணைப்பையே மாற்றுவதால் முடி நேராகவே நிற்கும். ஆனால் புதிதாக முளைப்பது சுருட்டைதான். இவற்றிலும் ஆபத்து உண்டு. நேரம் கடந்தால் தலைத்தோல் வெந்துவிடும். முடியை நேராக்கும் இரசாயனப் பொருள்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2022-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஈர முடியைப் பெரிய உருளைகளில் சுற்றி நிழலில் உலரவிட்டால், அடுத்த முறை தலை நனையும்வரை ஓரளவு நேராக இருக்கும். இதில் நெருப்பும் இல்லை, காரமும் இல்லை.

மார்கன் 1913-ல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கிக் களிம்பை விற்றார். கறுப்பின மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். கையில் பணம் சேர்ந்தது. அவர் அந்தப் பணத்தை எப்படிச் செலவிட்டார் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

தீ விபத்துகளில் தீயணைப்பு வீரர்கள் புகையில் மூச்சுத்திணறி இறப்பதைக் கேள்விப்பட்டிருந்தார். புகை மேலே எழும், தரையை ஒட்டிய காற்று ஓரளவு தூயதாக இருக்கும் என்பதை எண்ணி, தரைவரை தொங்கும் குழாய்கள் உள்ள முகமூடி ஒன்றைச் செய்து 1914-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் கறுப்பர் செய்த பொருளைத் தென்மாநிலங்களில் யார் வாங்குவார்கள்? ஒரு வெள்ளையரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்கவைத்து, தாம் செவ்விந்தியர் வேடம் பூண்டு புகைக்கூடாரத்துக்குள் நுழைந்து காட்டினார். தம் இனத்தாருக்கு நேரான முடியைத் தந்தவர் தம் முகத்தையே மறைக்கவேண்டி வந்தது.

1916 ஜூலையில் கிளீவ்லாந்தின் ஈரி ஏரிக்கு அடியில் குடிநீருக்காகத் தோண்டிய சுரங்கப்பாதையில் வெடிவிபத்து நேர்ந்தது. தொழிலாளர் நச்சுக்காற்றில் சிக்கினர். காப்பாற்றப் போனவர்களும் மாண்டனர். இரவில் செய்தி வந்ததும் மார்கன் தம் சகோதரர் பிராங்கையும் முகமூடிகளையும் அழைத்து வந்து, தாமே உள்ளே இறங்கினார். இருவரை உயிரோடு மீட்டார். இறந்தவர்களின் உடல்களையும் வெளியே கொணர்ந்தார். வேறு சிலருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, அவர் கறுப்பர் என்பது செய்தித்தாள்களில் வெளிவந்ததும் சில ஊர்கள் முகமூடிகளுக்கு அனுப்பிய ஆர்டரைத் திருப்பிக்கொண்டன. நகரின் பிரமுகர்கள் சிலர் பின்னர் தாங்களே பொன்பதக்கம் ஒன்றை அளித்தார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1920-ல் தம் இனத்தாருக்காகச் செய்தித்தாள் தொடங்கினார். 1923-ல், நில், செல் என்னும் இரண்டு நிலைகளோடு எல்லாத் திசையினரையும் நிறுத்தும் மூன்றாவது நிலையும் கொண்ட போக்குவரத்துக் கைகாட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முதுமையில் கண்பார்வை பெரும்பாலும் மங்கியது. 1963 ஜூலை 27-ஆம் நாள் கிளீவ்லாந்திலேயே காலமானார். ஈரி ஏரியின் தண்ணீரைச் சுத்திகரித்து அந்நகருக்கு அனுப்பும் நிலையம் ஒன்றுக்கு 1991-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.