இயற்கையின் கணக்கைப் பார்த்த குமரப்பா

வரவுக்கு மிஞ்சிய செலவு குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மண்ணும் மரமும் நீரும் அடங்கிய இயற்கைக்கும் அத்தகைய வரவு செலவுக் கணக்கு உண்டு. அதனைப் பிழையின்றிப் பார்த்தாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் தமிழகம் ஈந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. புவி வெப்பமடைதலும் பல்லுயிர் அழிவும் உலகை அச்சுறுத்தும் இந்நாளில் அவர்தம் வாழ்வை நினைந்து பார்ப்பது நம் கடமையாகும்.

பிறப்பும் கல்வியும்

ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்னும் இயற்பெயருடைய அவர், 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். அங்கே, இந்திய மக்களின் வறுமைக்கு ஆட்சியாளரின் வரி முறையும் செலவு முறையும் எவ்வாறு காரணமாயின என ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. 1929இல் தாயகம் திரும்பிச் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடையைக் களைந்து கதர் பூண்டார். குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார்.

குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று உழவர்தம் பொருள்நிலையைக் கணக்கெடுத்தது அவருடைய முதற்பெரும்பணி. 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தின்போது துயர்துடைப்பு நிதியின் கணக்கைப் பேணும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கு வந்த காந்தியடிகளின் குழுவினருக்கு ஆகும் செலவைக்கூட அந்நிதியில் எழுத அவர் இசையவில்லை. பொதுப்பணத்தில் காட்டிய இந்தக் கண்டிப்பையே பின்னர் அவர் இயற்கையின் செல்வத்திலும் காட்டினார்.

மகன்வாடியில் மலர்ந்த தொழில்கள்

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியபோது குமரப்பா அதன் செயலாளரானார். அதன் நிலையமாகிய மகன்வாடியில் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைத்தாள் முதலிய தொழில்கள் ஆராயப்பட்டன. ஏழைக்குப் பிழைப்புத் தருவன என்ற அளவில் மட்டும் அவர் இவற்றை மதிக்கவில்லை. ஒவ்வொரு தொழிலும் இயற்கையிடமிருந்து எதை எடுக்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்றே வினவினார்.

கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். பனையோ வறண்ட மண்ணில் தானே நின்று பதநீர் தருகிறது. வெல்லத்தைப் பனையிலிருந்து பெற்றால் கரும்பு விளைந்த நிலம் உணவுப் பயிருக்கு உதவும். செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கு ஊரிலேயே தங்கி மாட்டுக்குத் தீவனமாகவும் மண்ணுக்கு உரமாகவும் ஆகிறது. தேனீ தனக்கெனத் தேன் திரட்டும்போதே மலர்களில் மகரந்தம் சேர்த்துப் பயிரின் விளைவையும் பெருக்குகிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. கைத்தாள் தொழிலுக்கும் மகன்வாடி புத்துயிர் தர முனைந்தது. சாங்கனேர், சுன்னர் போன்ற ஊர்களில் காகஸி எனப்படும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை அது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

பழமை என்பதற்காக எதையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கருதவில்லை. மாட்டுக்கும் ஆளுக்கும் உழைப்புக் குறையுமாறு செக்கு திருத்தி அமைக்கப்பட்டு, வார்தாச் செக்கு எனப் பெயர் பெற்றது.

ஊற்றும் தேக்கமும்

1942க்குப்பின் சிறையில் இருந்த காலத்தில் நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை அவர் எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். மரமும் பயிரும் ஆண்டுதோறும் ஊறிவரும் ஊற்று எனப் பகுத்துக் காட்டினார். தேக்கத்தை நம்பிய வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்றும், ஊற்றை அளவறிந்து முகக்கும் வாழ்வே நிலைக்கும் என்றும் நிறுவினார். தேக்கத்தை எரித்ததன் விளைவாக வானிலையே திரிந்து நிற்பதை இன்று நாம் கண்கூடாகக் காண்கிறோம். முதலைத் தின்றவன் படும் துன்பம் அன்றோ இது!

புறக்கணிப்பும் இறுதியும்

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அக்குழு 1949இல் அறிக்கை அளித்தது. எனினும் பேராலைகளை நாடிய அரசின் போக்கு அவர் வழியினின்று விலகிச் சென்றது. அவரைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று எண்ணியோர் பலர். அவர் மனம் மாறவில்லை. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960 சனவரி 30இல், காந்தியடிகளின் நினைவு நாளன்றே, மதுரையில் இயற்கை எய்தினார்.

நாம் செய்யத்தக்கது

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஆயின் ஆணையால் மரத்தைக் காக்கலாம். மரமேறுபவரைக் காக்க அவ்வாணை மட்டும் போதாது. உயிரைப் பணயம் வைத்து ஏறுபவர்க்கு உரிய விலையும் மதிப்பும் கிட்டாவிடில் அவர்தம் மக்கள் அத்தொழிலை விட்டகல்வதை எவரும் குறைகூற இயலாது. பயன்படுத்துவோர் அற்ற மரமும் நெடுநாள் நில்லாது. ஆதலின் தொழிலாளியின் வாழ்வும் மரத்தின் வாழ்வும் ஒன்றே எனத் தெளிதல் வேண்டும்.

பாய் முடைவோர், மண்பாண்டம் வனைவோர், கூடை பின்னுவோர், செக்காட்டுவோர் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். நம் மாணவர்கள் அவர்களை நாடிச் சென்று, அவர்தம் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, கைக்கூலி எவ்வளவு எஞ்சுகிறது என்று கேட்டு எழுதுவார்களாயின், மாத்தர் வட்டத்தில் குமரப்பா தொடங்கிய பணி நம் மண்ணிலும் தொடரும்.